கருமருதுப் பட்டை ஒட்டின டப்பா

எங்க மலையில டவர் கிடைக்காது, சாட்டிலைட் கிடைக்கும். அதனாலதான் வளைவுக்கு மேல இருக்கிற ரிசார்ட்டுக்கு வந்து தங்கற ஜனங்க, குனிஞ்ச தலை நிமிராம போனைப் பார்த்துக்கிட்டே காட்டுக்குள்ள நடந்து, எவனோ ஒளிச்சு வச்ச ஒரு டப்பாவைத் தேடி எடுத்து, அதுக்குள்ள இருக்கிற நோட்டுல பேரை எழுதி, ஒரு பொம்மையை எடுத்துக்கிட்டு இன்னொரு பொம்மையைப் போட்டுட்டு, மறுபடியும் இருந்த இடத்துலயே வச்சுட்டு வர்றாங்க. அதுக்குப் பேரு புதையல் வேட்டையாம். ஒரு சோத்து டப்பா எங்கே கிடக்குதுன்னு வானத்துல இருந்து பார்த்து மூணு எட்டு வித்தியாசத்துல சொல்ற இந்தக் காலத்துல, ஒரு பொம்பளை குடியிருக்கிற வீட்டைப் பதினோரு வருஷமா காணோம்னு ஒரு ஆபீஸ் சொல்லுது. அதைக் கேட்டு வயிறு எரியாதவங்க எழுந்து போய் வேற வேலையைப் பாருங்க, உங்களுக்கு நான் சொல்லல.

எம் பேரு அங்காயி. எட்டிக்காட்டுப்பட்டியில ரெண்டாந்தடவையா வார்டு மெம்பர். சின்னது பெருசு எல்லாருக்கும் மெம்பரக்கா. எங்க ஊர்ல முப்பத்தியொரு வீடு, முப்பது ஓடைக்கு இந்தப் பக்கம், மாராயி வீடு ஒண்ணு மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி. அவ மாமனார் மண்ணு குழைச்சுக் கட்டின வீடு. புருஷன் தேன் எடுக்கப் போன இடத்துல கயிறு அறுந்து செத்துப்போனான், அதுக்கப்புறம் நாலு ஆட்டோட அவ அங்கேயே இருக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கெல்லாம் பட்டா எழுத வந்தவங்க ஓடைக்கரை வரைக்கும் வந்தாங்க, ஓடையைப் பார்த்தாங்க, காலுல போட்டிருந்த ஷூவைப் பார்த்தாங்க, திரும்பிட்டாங்க. முப்பது வீட்டுக்குக் காகிதம் வந்துச்சு. நனைஞ்சா என்ன, ஒரு ஷூ காயறதுக்கு எத்தனை நாள் ஆகும்? அதுக்கப்புறம் மாராயி கைநாட்டும் என் கையெழுத்துமா ஒன்பது மனு போட்டோம். எல்லாத்துக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது.

அப்படி இருக்கும்போதுதான் ரிசார்ட்டு மேனேஜர் ஜெயந்த் அவகிட்ட வந்து நின்னான். அவன் வச்ச டப்பா எல்லாம் பச்சை பெயிண்ட் அடிச்சது. காட்டுல எந்த இலையும் அந்தப் பச்சையில இல்லைங்க. வந்தவங்க அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டு இவ்வளவுதானான்னு உதட்டைப் பிதுக்கறாங்களாம், அவங்க விட்டதைக் குரங்கு தூக்கிட்டுப் போயிடுதாம். காட்டோட காடா தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு கேட்டான். மாராயி வீடு இருக்கிற சரிவையே அவங்க ரிசார்ட்டு வேட்டைப் பாதைக்குன்னு ஆபீஸ்ல எழுதிக் கேட்டிருக்கிற விஷயம் அப்போ எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவனை அந்தப் பச்சை பெயிண்டுலயே முக்கி அனுப்பியிருப்பேன்.

மாராயி ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா விடமாட்டா. திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, வழவழப்பு போற வரைக்கும் செங்கல்லுல தேய்ச்சா. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கி அதையே பசையா தடவினா. கருமருது மரத்தோட பட்டை இருக்கே, முதலைத் தோலு மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும், அதை விரல் அகலத்துக்குப் பேர்த்து, மரத்துல எப்படி நிமிர்ந்து இருந்துச்சோ அதே வாக்குல ஒட்டினா. மூடி திறக்கிற கோடு பட்டை வெடிப்போட வெடிப்பா மறைஞ்சு போற மாதிரி பார்த்துப் பார்த்து வச்சா. மேல சேறு பூசி, புளிச்ச மோரைத் தெளிச்சு, ஓடையோர நிழல்ல பத்து நாள் போட்டு வச்சதுல தானா பாசி பிடிச்சுது. கையில குடுத்தப்போ டப்பாவையா குடுத்தா இல்லை ஒரு மரத்துண்டைக் குடுத்தாளான்னு நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பட்டை பேர்க்கறதுக்கு எங்க ஊர்ல ஒரு முறை உண்டு. சும்மா போய் வெட்டக்கூடாது. மரத்துல கையை வச்சு, யாரோட பொருளுக்கு, எதுக்காக, எத்தனை நாளைக்குன்னு மூணையும் வாய்விட்டுச் சொல்லணும். அன்னைக்கு அந்த ஜெயந்த் பைக்கை நிறுத்தாம ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், ஆச்சா ஆச்சான்னு அவசரப்படுத்தினான். மாராயி பரபரப்புல, காலங்காலமா எல்லாரும் சொல்றதையே சொல்லிட்டா. என் பொருளு, வெளியாள் கண்ணுல படாம வச்சுக்கோ. பொருளு அவளோடது இல்லை, ரிசார்ட்டோடது. அடுத்தவன் பொருளுக்குப் பட்டை கேட்கற வழக்கமே எங்ககிட்ட கிடையாது, அதனால அதுக்குத் தனியா எப்படிச் சொல்றதுன்னு அவளுக்குத் தோணலை. எத்தனை நாளைக்குங்கறதை மறந்தே போனா.

மரம் சொன்னதைச் செஞ்சுது. டப்பாவைக் கொண்டுபோய் ஒரு வேர் இடுக்குல வச்சாங்க. மறுநாள் வேட்டைக்கு வந்தவங்க சாயந்தரம் வரைக்கும் தேடினாங்க. டப்பா மேலயே ஏறி நின்னுக்கிட்டு இங்கேதான் காட்டுது ஆனா இல்லைன்னு போனை ஆட்டினாங்க. எங்களுக்கு நல்லாத் தெரியுது, அதோ வேர் இடுக்குல உட்கார்ந்திருக்கு. நாங்க கையைக் காட்டினா அந்தப் பக்கம் பார்க்கறாங்க, தூக்கி அவங்க கையில குடுத்தா கீழ போட்டுட்டு மறுபடியும் தேடறாங்க. ஜெயந்த் வந்து, டப்பாவைத் திருடி வித்துட்டியான்னு மாராயியைப் பார்த்துக் கேட்டான். அதைச் சொல்லும்போதும் டப்பா அவன் காலடியிலதான் இருந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திருடி அவ மாளிகை கட்டப்போறாளாக்கும்.

அடுத்த வாரம் அவளோட ஆடுங்க மறைஞ்சுது, அதாவது வெளியாளுங்களுக்கு. அதுக்கடுத்த வாரம் அவ கொடியில காயப்போட்ட சேலை. ஆடி பிறக்கறதுக்குள்ள வீடும் அப்படியே மறைஞ்சுபோச்சு. அவ சொன்னது என் பொருளுன்னுதானே, மரம் அவளுக்குன்னு இருந்த எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து வச்சுக்கிச்சு. போஸ்ட்மேன் வந்து வீட்டு வாசல்ல நின்னு நாலு பக்கமும் பார்த்துட்டு, இந்தம்மா காலி பண்ணிட்டாங்களா மெம்பரக்கான்னு என்கிட்ட வந்து கேட்டாரு. அவ கடிதாசை எல்லாம் நான் வாங்கி வச்சுக்கிட்டேன். கரண்டு மீட்டர் பார்க்கிற தம்பி வயரைப் பிடிச்சுக்கிட்டே வந்து, வயரு நேரா ஒரு புதருக்குள்ள போகுதேன்னு தலையைச் சொறிஞ்சுட்டுத் திரும்பினான்.

எங்க ஊர்க்காரங்க இதுக்கெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறவங்க இல்லை. ஒரே மாசத்துல பழகிட்டாங்க. காட்டுப்பன்றி வந்து அவ சோளத்தைத் தின்னுட்டுப் போச்சு, அப்போ பன்றி வெளியாள் இல்லைன்னு முடிவாச்சு. மலைக்குக் கீழ இருந்து வந்து பன்னிரண்டு வருஷமா பாடம் சொல்லிக் குடுக்கிற வாத்தியாருக்கு வீடு தெரியலை. அந்த மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு. தினமும் ஸ்கூல் விட்டதும் ஓடைக்கரையில வந்து நின்னு பார்ப்பாரு. ஐப்பசியில ஒரு நாள், மாராயி அடுப்புல இன்னைக்கு என்ன இவ்வளவு புகைன்னு கேட்டுட்டுத் தானே திடுக்கிட்டு நின்னாரு. அன்னைக்கு ஊரே சேர்ந்து அவருக்குப் பாயசம் வச்சோம்.

எங்க சடையன் மவன் கீழ்நாட்டுப் பொண்ணு ஒருத்தியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். பொண்ணு வீட்டு ஆளுங்க ரெண்டு வேன்ல வந்தாங்க. மாராயி அந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா. பொண்ணோட மாமன்காரன் அதே வீட்டுச் சுவர்ல சாய்ஞ்சு நின்னு பீடி பிடிச்சுட்டு, இந்தப் பக்கம் வெறுங்காடுடான்னு சொல்லிட்டுப் போனான். அந்தப் பொண்ணும் வெளியாள்தானே, கண்ணுக்குத் தெரியாத அடுப்புல மூணு நாள் தடவித் தடவிச் சமைச்சா. நாலாம் நாள் அடுப்பு தெரிஞ்சுது, ஒரு மாசத்துல சுவர் தெரிஞ்சுது. பொங்கலுக்குள்ள எங்க எல்லாரையும் மாதிரி அவளும் ஓடையைத் தாண்டிப் போய் மாராயி வீட்டுல கதை பேசிட்டு வர ஆரம்பிச்சுட்டா. அப்புறம் என்ன, வெளியாள் வர்ற அன்னைக்கு யாருக்கு எதை மறைக்கணும்னாலும் அதை மாராயிக்குக் குடுத்ததா ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்னு ஆகிப்போச்சு. எங்க ஊர்ல பாதிக் கோழிங்க அந்த வருஷம் அவளோடதுதான்.

நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பங்குனியில ஆபீஸ்ல இருந்து கடிதாசு வந்த அன்னைக்குத்தான் சிரிப்பு நின்னுச்சு. ஒன்பதாவது மனுவுக்குப் பலன் கிடைச்சு, வியாழக்கிழமை அதிகாரி நேர்ல வந்து பார்ப்பாராம். அந்தச் சரிவை ரிசார்ட்டு கேட்டிருக்கிறதாவும், வீடு இருந்தா அந்தம்மாவுக்கு, இல்லைன்னா ரிசார்ட்டுக்குன்னும் அதே காகிதத்துல இருந்துச்சு. மாராயிக்குப் படிச்சுக் காட்டினேன். பார்க்க வர்ற ஆளு வெளியாளு. அவர் கண்ணுக்கு வீடு தெரியலைன்னா வீடு போச்சு, நாலு ஆட்டோட அவ ரோட்டுலதான் நிக்கணும். இத்தனை நாள் எங்களுக்கு விளையாட்டா இருந்தது அவ கழுத்துக்குக் கயிறா வந்து நிக்குதுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இத்தனை நாள் கோழி மறைச்சவங்கள்ல நானும் ஒருத்தி. வெட்கமா இருந்துச்சு.

அவ அன்னைக்கே போய் வேர் இடுக்குல இருந்த டப்பாவை எடுத்தா. நெருப்புல லேசா காட்டி மெழுகை இளக்கி, ஒவ்வொரு பட்டையா உரிச்சு, கருமருதுல பேர்த்த இடத்துலயே சாணியும் மண்ணும் குழைச்சு ஒட்டினா. பத்து விரலும் கொப்பளம். மரத்துல கையை வச்சு, நாள் சொல்ல மறந்துட்டேன், தப்பு என்னோடது, இன்னையோட போதும்னு சொன்னா. நான் பக்கத்துல இருந்தேன்.

மறுநாள் காலையில போஸ்ட்மேன் நேரா அவ வாசலுக்கு வந்து, எங்கம்மா போயிருந்தீங்க இத்தனை நாளான்னு கேட்டாரு. மீட்டர் தம்பி வந்தான். ரிசார்ட்டுல தங்கின ரெண்டு பேரு அந்த வழியா வந்து வீடு அழகா இருக்குன்னு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. ஜெயந்துக்கு அவன் டப்பா கூடத் தெரிஞ்சுது, உரிச்ச டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு, பாதி வேலை பண்ணிட்டு ஏமாத்திட்டியான்னு கத்திட்டுப் போனான். கத்தட்டும், தெரியுதில்லன்னு எங்களுக்கு நிம்மதி. புதன்கிழமை பூரா ஊரே கூடி வீட்டை மெழுகினோம், வாசல்ல கோலம் போட்டோம், அதுக்கு மேல செம்மண் வச்சோம். குருடனுக்கும் தெரியட்டும்னு நான்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை கனகசபை சார் வந்தாரு. டிரைவர் லீவுன்னு தானே ஜீப்பை ஓட்டிக்கிட்டு, ரிசார்ட்டுக்காரங்க புதுசா போட்ட பாதை வழியா, ஓடையைத் தாண்ட வேண்டிய வேலையே இல்லாம அந்தப் பக்கமே வந்து இறங்கினாரு. மதியச் சாப்பாடு ரிசார்ட்டுல ஆச்சுன்னு அவரே சொன்னாரு. கோலத்தை மிதிச்சுக்கிட்டு வந்து, மாராயி போட்ட கட்டில்ல உட்கார்ந்தாரு. வெயில்னு சொன்னாரு, மாராயி சொம்புல தண்ணி குடுத்தா, முழுசும் குடிச்சாரு. பலாச்சுளை குடுத்தா, சாப்பிட்டுக் கையை அவ வீட்டுத் துண்டுலயே துடைச்சாரு. உள்ளே எட்டிப் பார்த்து, குளுகுளுன்னு இருக்கு, மண்சுவர்னா மண்சுவர்தான்னு பாராட்டினாரு. என் நெஞ்சுல இருந்த கல்லு இறங்குச்சு. மரம் விட்டுடுச்சு, மனுஷனுக்கு எல்லாம் தெரியுது.

அப்புறம் மடியில காகிதத்தை வச்சு எழுதினாரு. எழுதி முடிச்சு, வார்டு மெம்பர் கையெழுத்துப் போடணும்னு என்கிட்ட நீட்டினாரு. நான் படிச்சேன். மேற்படி இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை, மரங்கள் மட்டும் உள்ளன.

ரெண்டாந்தடவை படிச்சேன். அதேதான் எழுதியிருந்துச்சு.

"சார், இப்ப நீங்க எதோட வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க?"

அவருக்குக் கோவம் வரலை, அதுதான் எனக்கு ஆத்திரம். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு.

"மெம்பரம்மா, இது வீடுன்னு எந்த ரெக்கார்டுலயும் இல்லை. ரெக்கார்டுல இல்லாத வீட்டை நான் எப்படி எழுதறது? முன்னாடி எழுதியிருந்தா இப்ப எழுதலாம்."

முன்னாடி எழுதலைன்னுதானே சாமி ஒன்பது மனு போட்டோம்னு நான் கத்தினேன். அதுக்கு அவர், அதெல்லாம் பரிசீலனையில இருக்குன்னாரு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு காகிதத்தைத் திருப்பிக் குடுத்தேன். கையெழுத்து இல்லாட்டியும் செல்லும், கையெழுத்துப் போட மறுத்தார்னு ஒரு வரி சேர்த்துக்குவேன்னு சொல்லி, என் கண் முன்னாடியே சேர்த்துக்கிட்டாரு. மாராயியைப் பார்த்தேன். அவ கொப்பளம் காயாத கையால காலிச் சொம்பை எடுத்து உள்ளே வச்சா. பத்து மாசம் அவ வீட்டை மறைச்சது மரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோமே, அந்த மரத்து மேல பழி போட்டோமேன்னு எனக்கு அழுகை வந்துச்சு. மரம் கேட்டதும் விட்டுக் குடுத்துச்சு. இந்த மனுஷன் சுளை தின்ன வாயைக் கூடத் துடைக்கலை.

மாராயி மெதுவா எழுந்து கருமருதுக்குப் போனா. நான் பின்னாலயே போனேன். கையை வச்சு, இந்தத் தடவை அவசரப்படாம மூணையும் சொன்னா. இந்தச் சாரோட பொருளு. இவரு கண்ணுல படவேண்டாம். என் வீட்டை எழுதற வரைக்கும். உள்ளங்கை அளவு ஒரே ஒரு பட்டை, அதை வாங்கிட்டு வந்து மெழுகு வச்சு ஜீப்போட பின்சக்கரத்துல ஒட்டிட்டு, மறுபடியும் வந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்க உட்கார்ந்துட்டா.

சார் கிளம்பும்போது வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. வாசல்ல இறங்கிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. வலது பக்கம் பார்த்தாரு, இடது பக்கம் பார்த்தாரு. இங்கேதானே விட்டேன்னாரு. ஜீப் அவருக்கு ரெண்டு முழம் தள்ளி நிக்குது. பாதை வரைக்கும் ஓடிப் பார்த்துட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு. போனை எடுத்தாரு, டவர் இல்லை.

"ஏம்மா, என் ஜீப்பைப் பார்த்தீங்களா?"

"ஜீப்பா? இங்க ஜீப் இருந்துச்சுன்னு ஏதாவது ரெக்கார்டு இருக்குங்களா சார்?" அப்படின்னு மாராயி கேட்டா. கிண்டலா கேக்கலை. நெசமாவே தெரிஞ்சுக்கணும்ங்கற மாதிரி கேட்டா.

நீங்க எல்லாரும் பார்த்தீங்களே, நான் அதுலதானே வந்தேன்னாரு. நான் சொன்னேன், நீங்க சொல்றீங்க சார், மனுவா எழுதிக் குடுங்க, பரிசீலனை பண்றோம். மெம்பரா இருந்து அஞ்சாறு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் அந்த நாற்காலியில உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு.

மழை பிடிச்சுக்கிச்சு. கோடை மழைன்னா எங்க மலையில ஓடை அரை மணியில இடுப்பளவு வந்துடும், அந்தாண்டை இருக்கிற முப்பது வீட்டுக்கும் போக முடியாது. பாதையில ரிசார்ட்டு ஆறு கிலோமீட்டர், மேகம் இறங்கிடுச்சு, அந்த நேரத்துக்குக் கரடி குறுக்கால போகும். மாராயி என்னை உள்ளே கூப்பிட்டு, ஆட்டையும் உள்ளே கட்டி, கதவைச் சாத்தினா. ஜன்னல் வழியா பார்த்தோம். சார் மரத்தடியில நின்னாரு, மரம் ஒழுகுச்சு. தூரத்துல என்னமோ உறுமுச்சு. அவர் பையைத் தலையில வச்சுக்கிட்டு வந்து கதவைத் தட்டினாரு.

"ராத்திரி தங்கறதுக்கு இங்க ஏதாவது வீடு இருக்குமாம்மா?"

மாராயி கதவைத் திறக்கலை. ஜன்னல்கிட்ட வந்து நின்னு சொன்னா.

"நீங்க எழுதினதை எடுத்துப் படிச்சுப் பாருங்க சார். இருந்தா தங்குங்க."

தண்ணி அவர் மூக்கு நுனியில சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பையைத் திறந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தாரு. நான் குடையோட வெளியே போனேன், குடையைக் காகிதத்துக்குத்தான் பிடிச்சேன், அவருக்குப் பிடிக்கலை. எழுதறதுக்கு எதையாவது தேடிக் கையை நீட்டினாரு, கை எதிலயோ ஊனுச்சு, அது என்னன்னு அவர் பார்க்கலை, அதுமேலயே காகிதத்தை விரிச்சாரு. அவரோட ஜீப்பு மூஞ்சிதான் அது. இருந்த வரியை அடிச்சுட்டு, மேற்படி இடத்தில் மாராயி என்பவரின் வீடு ஒன்று உள்ளது, மண்சுவர், ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கதவு, ஒரு ஜன்னல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. நான் ஜன்னலுக்குக் கேக்கற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா படிச்சேன்.

மாராயி கேட்டுட்டு, தாழ்ப்பாள்ல கையை வச்சபடியே நின்னா.

"கூரையை விட்டுட்டீங்க சார்."

கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே அவர் கூரையையும் எழுதினாரு.